கம்பியின் இரு முனைகள்

கல்லூரிக் கணினிக் கூடத்தின் சுவரோரத்தில் சிறிய பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் முகப்பில் சதுரத் துளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பி வடம் செருகப்பட்டிருக்கும். அருகே பச்சை விளக்கொன்று மினுக்கிக்கொண்டிருக்கும். அப்பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். அத்துளைகளைப் போர்ட் என்பார்கள். அக்கூடத்துக் கணினிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்வது இவற்றின் வழியாகத்தான்.

விளக்கு எரிந்தால் இணைப்பு நலமாக இருக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது சரியே. ஆனால், விளக்கு எரிந்துகொண்டிருக்கும், செய்திகளும் போய்வந்துகொண்டிருக்கும், வேகம் மட்டும் நத்தையின் வேகமாகிவிடும். இப்படியும் ஒரு நிலை உண்டு. அப்பொழுது கம்பி அறுந்திருப்பதில்லை. கருவி பழுதடைந்திருப்பதும் இல்லை. இரு முனைகளிலும் உள்ள கருவிகளைத் தனித்தனியே சோதித்துப் பார்த்தால் இரண்டும் நல்ல நிலையில் இருக்கும். குறை அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள உடன்பாட்டில் இருக்கும். அக்குறை எவ்வாறு பிறக்கிறது, அதனை எவ்வாறு கண்டறிவது என்பவற்றையே இன்று உங்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

இரு கருவிகள் ஒரே கம்பியில் உரையாட வேண்டுமானால், அவை இரண்டு காரியங்களில் ஒத்திருக்க வேண்டும். முதலாவது வேகம். விநாடிக்கு 10 மெகாபிட், 100 மெகாபிட், 1000 மெகாபிட் என்று வேகங்கள் பல உண்டு. மெகாபிட் என்பது பத்து லட்சம் பிட். ஒரு முனை 100 மெகாபிட் வேகத்தில் அனுப்ப, மறுமுனை 10 மெகாபிட் வேகத்தில் கேட்க முயன்றால் ஒரு சொல்லும் விளங்காது.

இரண்டாவது, பேசும் முறை. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். இப்பொழுது நான் பேசுகிறேன், நீங்கள் கேட்கிறீர்கள். நீங்கள் அங்கிருந்து மறுமொழி கூறினாலும் அது என் செவிக்கு எட்டாது. வானொலி ஒருவழிச் சாதனம். காவலர் கையில் வைத்திருக்கும் வாக்கி-டாக்கியோ வேறு வகை. அதில் இருவரும் பேசலாம். ஆனால் ஒருவர் பேசும்பொழுது மற்றவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இவ்வாறு மாறி மாறிப் பேசும் முறைக்கு ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று பெயர். நாம் அதனை அரை இருவழி எனலாம். தொலைபேசியில் இருவரும் ஒரே சமயத்தில் பேசவும் கேட்கவும் கூடும். அது ஃபுல் டூப்ளெக்ஸ். அதாவது முழு இருவழி. கணினிக் கம்பியிலும் இவ்விரு முறைகளும் உண்டு.

அரை இருவழி முறை ஏன் வந்தது என்பதை அறிய நாம் 1973-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று பாலோ ஆல்டோ நகரில் இருந்தது. அங்கே ராபர்ட் மெட்காஃப் என்பவரும் டேவிட் பாக்ஸ் என்பவரும் பல கணினிகளை ஒரே தடித்த கம்பியில் இணைக்கும் வழியை வகுத்தனர். ஒளி பரவுவதற்கு ஈதர் என்னும் ஊடகம் எங்கும் நிறைந்திருக்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயற்பியலார் கருதியிருந்தனர் அல்லவா? அப்பெயரையே எடுத்து இம்முறைக்கு ஈதர்நெட் என்று பெயரிட்டனர். அதன் முதல் வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். இம்முயற்சிக்காகவும் இதன் பின் வந்த வளர்ச்சிக்காகவும் மெட்காஃப் 2022-ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதைப் பெற்றார்.

ஒரே கம்பியைப் பலர் பங்கிட்டுக்கொள்வதானால் ஒழுங்கு வேண்டும். ஈதர்நெட் வகுத்த ஒழுங்கு மிக எளியது. பேச விரும்பும் கருவி முதலில் கம்பியைச் செவிமடுக்க வேண்டும். அங்கே வேறு பேச்சு நிகழ்ந்தால் காத்திருக்க வேண்டும். அமைதியாக இருந்தால் பேசத் தொடங்கலாம். இருவர் ஏக காலத்தில் தொடங்கிவிட்டால் இரு செய்திகளும் கலந்து கெடும். இதற்கு மோதல் என்று பெயர். மோதலை உணர்ந்தவுடன் இருவரும் நிறுத்திவிட வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் குருட்டுவாக்கில் ஒரு காலத்தைத் தேர்ந்து, அவ்வளவு நேரம் ஓய்ந்திருந்து, மீண்டும் முயல வேண்டும். மறுபடியும் மோதினால், தேர்ந்துகொள்ளக்கூடிய கால எல்லை இருமடங்காகும். பத்தாவது மோதல் வரையில் இவ்வாறு பெருகும். பதினாறு முறை முயன்றும் பயனில்லையானால் அச்செய்தி கைவிடப்படும்.

இவ்வொழுங்கில் நுட்பமான விதி ஒன்று அடங்கியிருக்கிறது. அனுப்பத் தொடங்கியபின் 512 பிட்டுகளுக்கு உரிய காலத்திற்குள் மோதல் தெரிந்துவிட வேண்டும். 100 மெகாபிட் வேகத்தில் அக்காலம் 5.12 மைக்ரோவிநாடி. முறைப்படி அமைந்த வலையில், அதற்குள் ஒருவர் பேசுவது எல்லோருக்கும் எட்டிவிடும். அதன்பின் எவரும் குறுக்கே புக மாட்டார்கள். அதற்குப் பிறகும் மோதல் நேர்ந்தால் அது இயல்புக்கு மாறானது. அதனைக் காலந்தாழ்ந்த மோதல் என்பார்கள். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையில் இது பிறகு சாட்சி சொல்ல வரும்.

1990-ஆம் ஆண்டில் முறுக்கிய மெல்லிய கம்பிகளைக் கொண்டு 10 மெகாபிட் வேகத்தில் இயங்கும் ஈதர்நெட்டுக்குத் தரம் வகுக்கப்பட்டது. இன்று நாம் காணும் வடம் அவ்வழியில் வந்ததே. அதில் அனுப்புவதற்கு ஒரு சோடிக் கம்பியும், பெறுவதற்கு மற்றொரு சோடிக் கம்பியும் தனித்தனியே இருந்தன. வழிகள் இரண்டான பின்பு மோதலுக்கு இடமேது? உண்மைதான். ஒரு கணினிக்கும் ஒரு ஸ்விட்சுக்கும் இடையே இவ்வாறு இரு வழிகள் இருந்தால், இருவரும் ஒரே சமயத்தில் தாராளமாகப் பேசலாம். ஒற்றை இருப்புப்பாதை இரட்டைப் பாதையானதைப் போன்றது இது. எதிர்வண்டிக்காக நிலையத்தில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. இந்த முழு இருவழி முறைக்கு 1997-இல் தரவிதி ஏற்பட்டது.

ஆயினும் பழைய முறையில் பழகிய கருவிகள் எங்கும் இருந்தன. அவை தாம் அனுப்பிக்கொண்டிருக்கும்பொழுது பெறும் சோடியில் ஏதேனும் ஒலித்தால், அதனையே மோதல் என்று கொண்டன. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கம்பியில் எதுவும் எதனோடும் மோதவில்லை. இரண்டு செய்திகளும் தத்தம் வழியில் ஒழுங்காகவே செல்கின்றன. அதனை மோதல் என்று கருதுவது அக்கருவி கடைப்பிடிக்கும் விதி, அவ்வளவே.

புதியனவும் பழையனவும் கலந்து வாழ வேண்டிய நிலையில், எந்த வேகம், எந்த முறை என்பதை இரு கருவிகளும் தமக்குள் பேசி முடிவு செய்துகொள்ள ஒரு வழி வேண்டியிருந்தது. 100 மெகாபிட் ஈதர்நெட்டுடன் 1995-இல் அவ்வழி வந்தது. ஆங்கிலத்தில் ஆட்டோ நெகோஷியேஷன் என்று வழங்கும் அதனை நாம் தானியங்கி உடன்பாடு எனலாம்.

அது நிகழும் விதம் அழகானது. வடத்தைச் செருகியவுடன் ஒவ்வொரு கருவியும் மெல்லிய மின் துடிப்புகளைக் கொத்துக் கொத்தாக அனுப்புகிறது. ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் இடையே ஏறத்தாழ 16 மில்லிவிநாடி இடைவெளி உண்டு. ஒரு கொத்தில் 17 முதல் 33 வரை துடிப்புகள் இருக்கும். அவற்றுள் 17 துடிப்புகள் தாளம் போன்றவை. அவற்றின் இடையே துடிப்பு இருக்கிறதா, இல்லையா என்பதைக்கொண்டு 16 பிட் செய்தி ஒன்று உணர்த்தப்படுகிறது. “எனக்கு இன்ன வேகங்கள் தெரியும்; இன்ன முறைகள் தெரியும்” என்பதே அச்செய்தி. இரு முனைகளும் இவ்வாறு தம் திறமைகளைச் சொல்லிக்கொண்டபின், இருவருக்கும் பொதுவாக உள்ளவற்றில் மிகச் சிறந்ததை இருவருமே தேர்ந்துகொள்கின்றனர். எது சிறந்தது என்னும் வரிசையும் முன்னரே விதிக்கப்பட்டிருப்பதால் வழக்குக்கு இடமில்லை.

இனி, குறை பிறக்கும் இடத்துக்கு வருவோம். ஸ்விட்சைப் பொறுப்பாக வைத்திருப்பவர் ஒருவர், “இந்தப் போர்ட் எப்பொழுதும் 100 மெகாபிட் வேகத்திலும் முழு இருவழி முறையிலும் இயங்கட்டும்” என்று எண்ணிக் கையால் அவ்வாறே அமைத்துவிடுகிறார். அவர் நோக்கம் நல்லதே. ஆனால் பல கருவிகளில் இவ்வாறு கையால் அமைத்தவுடன் துடிப்புக் கொத்துகள் நின்றுவிடும். ஸ்விட்ச் தன் திறமையை இனி யாரிடமும் சொல்லாது. மறுமுனையில் உள்ள கணினியோ தானியங்கி உடன்பாட்டிலேயே இருக்கிறது. அது தன் துடிப்புகளை அனுப்பி அனுப்பிப் பார்க்கிறது, மறுமொழி இல்லை.

மறுமொழி இல்லாதபொழுது கணினி என்ன செய்யும்? கம்பியில் வரும் குறியைக் கூர்ந்து கேட்கும். அக்குறியின் இயல்பைக்கொண்டு அதன் வேகம் 100 மெகாபிட் என்று கண்டுகொள்ளும். வேகத்தைக் குறி காட்டிக்கொடுத்துவிடும். முறையை அது காட்டாது. ஒருவர் பேசுவதைக் கேட்டே அவர் விரைந்து பேசுபவரா, நிதானமாகப் பேசுபவரா என்று அறிந்துகொள்ளலாம். நாம் பேசும்பொழுது அவர் குறுக்கே பேசுவாரா என்பதை அதிலிருந்து அறிய முடியுமா? முடியாது. ஆகவே, தெரியாத நிலையில் பணிவான வழியையே கொள்க என்று தரவிதி கட்டளையிடுகிறது. அதன்படி கணினி அரை இருவழி முறையை ஏற்கிறது. இப்பொழுது ஒரு முனை முழு இருவழி. மறுமுனை அரை இருவழி. வேகம் ஒத்திருப்பதால் விளக்கு எரிகிறது.

விளைவைப் பாருங்கள். கணினி ஒரு செய்திக் கட்டை அனுப்பத் தொடங்குகிறது. அது பாதி வழியில் இருக்கும்பொழுதே ஸ்விட்ச் தன் கட்டை அனுப்புகிறது. முழு இருவழியில் இருக்கும் ஸ்விட்ச் காத்திருக்க வேண்டிய கடமை இல்லை. அது குற்றம் செய்யவில்லை. ஆனால் கணினி, “ஐயோ, மோதல்!” என்று கருதித் தன் செய்தியை நடுவிலேயே அறுத்துவிட்டு ஒதுங்குகிறது. அதுவும் தன் விதிப்படியே நடந்தது, அதன்மேலும் குற்றமில்லை. ஸ்விட்சுக்கு வந்து சேர்ந்ததோ தலை இருந்து வால் இல்லாத கட்டு. ஒவ்வொரு கட்டின் இறுதியிலும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. அது பொருந்தாமையால் ஸ்விட்ச் அக்கட்டை எறிந்துவிடுகிறது. அந்தக் குழப்பத்தில் கணினிக்கு வந்த கட்டும் வீணாகிறது.

மோதல் 5.12 மைக்ரோவிநாடிக்குள் நேர்ந்தால் கணினி தானே திரும்ப அனுப்பும். ஆனால் ஸ்விட்ச் எக்கணத்திலும் குறுக்கிடக்கூடும் அன்றோ? ஆகவே மோதல்களுள் பல காலந்தாழ்ந்த மோதல்களாகவே அமையும். அத்தகைய கட்டைக் கணினியின் வலைக்கருவி பொதுவாக மீண்டும் அனுப்புவதில்லை. மேலே இயங்கும் டிசிபி என்னும் செய்தி ஒழுங்கு, அனுப்பிய கட்டு போய்ச் சேரவில்லை என்பதைச் சற்று நேரம் கழித்து உணரும். உணர்ந்தபின், “வழியில் நெரிசல் போலும்” என்று எண்ணித் தன் வேகத்தையே குறைத்துக்கொள்ளும். உண்மையில் நெரிசல் எங்கும் இல்லை. இவ்வாறு தவறான காரணத்தை நம்பிச் செய்யும் சரியான செயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இணைப்பு தவழத் தொடங்குகிறது.

“கோப்பு ஒரே திசையில்தானே செல்கிறது? எதிர்த்திசையில் ஒன்றும் வரவில்லையே. மோதல் எப்படி நேரும்?” என்று நீங்கள் கேட்கலாம். டிசிபி முறையில் செய்தி செல்லும்பொழுது, “பெற்றேன், பெற்றேன்” என்று சிறு ஒப்புகைகள் எதிர்த்திசையில் வந்துகொண்டே இருக்கும். அவையே போதும்.

இக்குறையின் கொடுமை இனிமேல்தான் இருக்கிறது. இணைப்பைச் சோதிக்க நாம் வழக்கமாகப் பயன்படுத்துவது பிங் என்னும் சோதனை. அது சிறிய கட்டு ஒன்றை அனுப்புகிறது. மறுமுனை அதனைப் பெற்றபின் விடை அனுப்புகிறது. கேள்வி முடிந்த பிறகே விடை வருவதால் இரண்டும் எதிரெதிரே சந்திப்பதில்லை. சோதனை வெற்றி பெறுகிறது. பாரம் இல்லாதபொழுது எல்லாம் நலம். பாரம் ஏறியவுடன் எல்லாம் கெடுகிறது. வேகம் மாறுபட்டிருந்தாலோ விளக்கே எரியாது. குறை தன்னைத் தானே அறிவித்துவிடும். முறை மாறுபட்ட குறை அவ்வாறு அறிவிப்பதில்லை.

இதனால் மனிதருக்கு நேரும் இடர் சிறியதன்று. நான் அறிந்த ஒரு கல்லூரியின் நூலகத்தில், ஒவ்வொரு மாலையும் 600 மெகாபைட் அளவுள்ள பதிவேட்டை வேறொரு கணினிக்குப் படியெடுத்து வைப்பது வழக்கம். 100 மெகாபிட் கம்பியில் அது ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை. அது முக்கால் மணி நேரம் பிடித்தது. முதலில் கம்பி வடத்தின்மேல் பழி விழுந்தது, வடத்தை மாற்றினார்கள். பிறகு கணினியின்மேல் பழி விழுந்தது; புதிய கணினி வாங்கினார்கள். இறுதியில், வேலைக்குப் புதிதாக வந்திருந்த உதவியாளர் கவனக்குறைவானவர் என்று பேச்சு எழுந்தது. பிங் சோதனையை எத்தனை முறை செய்தாலும் தேர்ச்சியாக இருந்ததால், அவருடைய முறையீட்டை ஒருவரும் செவிசாய்த்துக் கேட்கவில்லை. ஒரு நாள் அவர் இரு முனைகளின் அமைப்பையும் ஒரே தாளில் அருகருகே எழுதிப் பார்த்தார். ஒரு முனையில் முழு இருவழி. மறுமுனையில் அரை இருவழி. ஸ்விட்சின் அமைப்பைத் தானியங்கி உடன்பாட்டுக்கு மாற்றினார். அன்று மாலை வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. பணமும் போயிற்று, ஒருவருடைய நற்பெயரும் போகவிருந்தது. இரண்டுக்கும் காரணம் ஒற்றைச் சொல்லில் இருந்த வேறுபாடு.

ஆகவே, இக்குறையைக் கண்டறியும் வழியை நீங்கள் அறிந்திருத்தல் நலம். முதலாவதாக, ஒரு முனையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். லினக்ஸ் கணினியில் ஈத்டூல் என்னும் கட்டளை, நடப்பிலுள்ள வேகத்தையும் முறையையும் காட்டும். விண்டோஸ் கணினியில் வலைக்கருவியின் அமைப்புப் பக்கத்தில் இவற்றைத் தேர்ந்துகொள்ளும் இடத்தைக் காணலாம். ஸ்விட்சிலும் அவ்வாறே பார்க்க இயலும். இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டாவதாக, பிழைக் கணக்கைப் பாருங்கள். அரை இருவழி முனையில் காலந்தாழ்ந்த மோதல்கள் ஏறிக்கொண்டே இருக்கும். முழு இருவழி முனையில் சரிபார்ப்பு எண் பிழைகளும் குறைக்கட்டுகளும் ஏறிக்கொண்டே இருக்கும். இவ்விரண்டு சாட்சிகளும் சேர்ந்து வந்தால் ஐயத்துக்கு இடம் மிகக் குறைவு. மூன்றாவதாக, பாரம் ஏற்றி, இரு திசைகளிலும் சோதியுங்கள். 2005-ஆம் ஆண்டில் ஷலுனோவ், கார்ல்சன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், ஒவ்வொரு ஸ்விட்சையும் திறந்து வினவாமல், வெளியே தெரியும் அறிகுறிகளைக்கொண்டே இக்குறையைத் தொலைவிலிருந்து கண்டறியலாம் என்று எழுதினர். அத்துணைப் பரவலாக இது அக்காலத்தில் தொல்லை தந்தது.

கையால் அமைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தானியங்கி உடன்பாடு வந்த தொடக்கத்தில் வெவ்வேறு நிறுவனத்தாரின் கருவிகள் அதனை வெவ்வேறு விதமாக விளங்கிக்கொண்டன. சில வேளைகளில் உடன்பாடே தவறியது. ஆகவே, “தானியங்கியை நம்பாதே, கையால் அமைத்துவிடு” என்று அனுபவசாலிகள் தம் மாணாக்கருக்குக் கற்பித்தனர். அன்று அதில் நியாயம் இருந்தது. பின்னர்த் தரவிதிகள் திருத்தம் பெற்றன, கருவிகளும் திருந்தின. பழக்கம் மட்டும் திருந்தவில்லை. நோய் தீர்ந்தபின்னும் மருந்தை விடாமல் உண்டு, அம்மருந்தாலேயே நோயுற்றவரைப் போல் ஆயினர் பலர்.

செப்புக் கம்பியில் 1000 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு 1999-இல் தரவிதி வந்தது. அதில் நான்கு சோடிக் கம்பிகளும் ஒரே சமயத்தில் இரு திசைகளிலும் வேலை செய்கின்றன. இரு முனைகளுள் எது காலத் தாளத்தைத் தருவது, எது பின்பற்றுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அதனை முடிவு செய்வது தானியங்கி உடன்பாடே. ஆகவே அவ்வேகத்தில் உடன்பாடு கட்டாயமாகிவிட்டது. இதனால் நாம் பேசிய குறை இன்று முன்னைவிட அருகியிருக்கிறது. ஆனால் மறைந்துவிடவில்லை. பழைய அச்சுப்பொறிகள், தொழிற்சாலையில் பொறிகளைக் கட்டுப்படுத்தும் பெட்டிகள், கையால் 100 மெகாபிட்டில் பூட்டி வைத்த பழைய இணைப்புகள் ஆகியவை இன்னும் இயங்குகின்றன. ஒரு நாள் அவற்றின் மறுமுனையில் புதிய கருவி ஒன்றை யாரேனும் செருகுவார்கள். அது தானியங்கி உடன்பாட்டில் இருக்கும். அன்று பழைய குறை மீண்டும் பிறக்கும். அக்கருவியைச் செருகுகிறவர் நாளை உங்களுள் ஒருவராகவும் இருக்கலாம்.

நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டிய விதி சுருக்கமானது. இரு முனைகளையும் தானியங்கி உடன்பாட்டில் விடுங்கள். ஒரு முனை அதனை அறியாத பழைய கருவியாக இருந்து, கையால் அமைக்கும் தேவை ஏற்பட்டால், இரு முனைகளையும் ஒரே விதமாக அமையுங்கள். அவ்வாறு அமைத்ததை எழுதி வையுங்கள். ஒரு முனையை மட்டும் அமைப்பதே எல்லாவற்றிலும் தீயது. தனக்கு வேண்டியதை முடிவு செய்துகொண்டு, அதனை மற்றவரிடம் சொல்லாமல் இருந்துவிடுவதற்கு அது ஒப்பாகும். மற்றவர் தம்மால் இயன்றவரை ஊகித்து, பணிவான வழியை மேற்கொள்வார். அந்தப் பணிவே இருவருக்கும் இடையூறாய் முடியும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கருவி நல்லதா என்று கேட்பதோடு ஆராய்ச்சி முடிவதில்லை. இரு நல்ல கருவிகள் தமக்குள் ஒத்திருக்கின்றனவா என்பது வேறொரு கேள்வி. அதனைத் தனியே கேட்டுத்தான் விடை காண வேண்டும். அடுத்த முறை கணினிக் கூடத்தில் வேலை மந்தமாக நடந்தால், வடத்தையும் கணினியையும் பழிக்கும் முன்பு, ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியின் ஒரு முனையில் உள்ளதை இடப்புறம் எழுதுங்கள். மறுமுனையில் உள்ளதை வலப்புறம் எழுதுங்கள். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அதனைச் செய்யாமல் பல நாள்களை இழந்தவர் பலர்.